முதலீட்டு மாநாட்டு மேடையில் யாரை ஏற்றலாம்?

அருள்மொழி:
முதலீட்டுத் துறை மாநாடு ஒன்றின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தது. பேச்சாளர் அறிமுகங்களை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. 'இருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம்', 'மூத்த தலைமைக் குழு உறுப்பினர்', பெயருக்குப் பின்னால் எம்பிஏ, சிஎஃப்ஏ போன்ற தகுதிகள். இவர் தானே முடிவெடுத்துப் பணத்தைப் போட்டவரா, அல்லது வேறொருவர் போட்டதை வாடிக்கையாளருக்கு விளக்குபவரா என்று ஒரு வரி இல்லை.

இருவர் 'கிளையன்ட் போர்ட்ஃபோலியோ மேனேஜர்' என்று போட்டிருந்தார்கள். பெயரில் மேனேஜர் இருந்தாலும், பெரும்பாலும் அந்தப் பதவியில் இருப்பவர் எந்தப் பங்கையும் வாங்க முடிவெடுப்பதில்லை. முதலீட்டு முடிவெடுக்கும் ஃபண்ட் மேனேஜருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நிற்பவர். மரியாதையான வேலைதான். ஆனால் சந்தை எங்கே போகும் என்று அவர் சொல்வதைக் கேட்டு நான் முடிவெடுக்கலாமா?

என் கருத்து இதுதான்: லாப நட்டத்துக்குத் தானே பொறுப்பேற்றுப் பணத்தைக் கையாண்டவர்கள் மட்டும் மேடையேற வேண்டும்.

செந்தில்வேலன்:
இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் விதிப்படி பார்த்தால் பெர்னி மேடாஃப் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். பல பத்தாண்டுகள் அமெரிக்கச் சந்தையில் இருந்தவர், நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராகவே இருந்தவர். புதிதாக வருபவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுத்த மோசடி, 2008 டிசம்பரில் கைதானபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது.

வெளியே தெரிந்த அறிகுறிகள் என்னென்ன? வாடிக்கையாளரின் பத்திரங்களைச் சுதந்திரமான கஸ்டோடியன், அதாவது பாதுகாத்து வைக்கும் தனி நிறுவனம், எதுவும் வைத்திருக்கவில்லை, அவர் நிறுவனமே வைத்திருப்பதாகச் சொன்னது. அவ்வளவு பெரிய தொகைக்குக் கணக்குத் தணிக்கை செய்தது ஒரு சின்னஞ்சிறு அலுவலகம். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? கஸ்டடி, தணிக்கை, கம்ப்ளையன்ஸ் (விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது) வேலை செய்பவர்கள். வாழ்நாளில் ஒரு பங்கு கூட வாங்காத ஒரு கஸ்டடி அதிகாரி அரை மணி நேரம் பேசினால், பத்து ஃபண்ட் மேனேஜர்களின் சந்தைக் கணிப்பை விட எனக்கு உபயோகம்.

அருள்மொழி:
செந்தில் சார், மேடாஃபைப் பற்றி 2000-லிருந்தே அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் எழுதியவர் ஹாரி மார்கோபோலோஸ். அவர் ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் பிறகு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) வியாபாரத்தில் பணம் கையாண்டவர். மேடாஃப் சொன்ன உத்தியைத் தானும் செய்து பார்க்க உட்கார்ந்தபோதுதான் கணக்கு உதைத்தது. அந்த உத்திக்குத் தேவையான அளவு ஆப்ஷன்களே சந்தையில் இல்லை. கையால் செய்தவனுக்குத்தான் அது தெரியும். இது என் பக்கத்து உதாரணம்.

நிலா:
இரண்டு பேருமே உங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்கிறீர்கள்.

ஜிம் சைமன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கேத மொழிகளை உடைக்கும் வேலை பார்த்தவர், பிறகு ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர். அவர் தொடங்கிப் பெரும் லாபம் பார்த்த ரினைசான்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 1993-ல் ஐபிஎம்மிலிருந்து இரண்டு பேரை எடுத்தது. பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள், பங்குச் சந்தை வேலை பார்த்ததே இல்லை. பிற்பாடு அவர்கள்தான் நிறுவனத்தையே நடத்தினார்கள்.

சரி, அறிவாளிகள் இருந்தால் போதும் என்று நினைத்தால் லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் கண்முன் நிற்கிறது. 1994-ல் ஆரம்பித்த ஃபண்ட். பொருளாதாரப் பேராசிரியர்கள் மைரான் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் இருவரும் அதில் பங்குதாரர்கள், 1997-ல் நோபல் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே ஃபண்ட் கவிழ்ந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடித்தன. அருள், இதைக் கவனியுங்கள்: அந்த ஃபண்டைத் தொடங்கிய ஜான் மெரிவெதர் பேராசிரியர் அல்ல. சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் பாண்டு (கடன் பத்திர) வியாபாரத்தில் பெயரெடுத்தவர். பணத்தைக் கையாண்டவரும் அங்கே இருந்தார், படித்தவர்களும் இருந்தார்கள். கடன் வாங்கி விளையாடிய அளவுதான் கவிழ்த்தது.

டேவிட் ஸ்வென்சனை நினைத்தால் உங்கள் விதி இன்னும் வலிக்கிறது. 1985-ல் யேல் பல்கலைக்கழகத்தின் நிதியை ஏற்றபோது அவருக்கு போர்ட்ஃபோலியோ (முதலீட்டுத் தொகுப்பு) நிர்வகித்த அனுபவமே கிடையாது. 2021-ல் அவர் இறந்தபோது, சுமார் 100 கோடி டாலராக இருந்த நிதி 3,000 கோடியைத் தாண்டியிருந்தது. அந்த 1985-ல் ஒரு மாநாட்டில் பேச அவர் கேட்டிருந்தால் நீங்கள் வாசலிலேயே நிறுத்தியிருப்பீர்கள்.

பழனியப்பன்:
பழைய கணக்கைப் பார்த்து மேடை கொடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்க ஃபண்ட் மேனேஜர் பில் மில்லர் தத்துவத்தில் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர். 1991 முதல் 2005 வரை 15 ஆண்டுகள் தொடர்ந்து எஸ்அண்ட்பி 500 என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டைத் தாண்டினார். அப்புறம் 2008 வந்தது. குறியீடு சுமார் 37 சதவீதம் இழந்த ஆண்டில் அவருடைய ஃபண்ட் பாதிக்கு மேல் இழந்தது. 2006-ல் பேச்சாளர் தேடியிருந்தால் அவரை விடத் தகுதியானவர் யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அருள்மொழி:
என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டில் கடன் பத்திர ஃபண்ட் பற்றி ஒருவர் பேசினார். தெளிவான பேச்சு, நிதானமான ஆள். அறிமுகத்தில் 'கடன் சந்தை நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். என் அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை அவர் சொன்ன வகையில் போட்டேன். பணம் முடங்கியது. பிறகுதான் தெரிந்தது, அந்த அமர்வு நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய இடம், அவர் விற்பனைப் பிரிவின் தலைவர். நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன லோகோ இருந்தது. அவ்வளவுதான்.

தமிழ்ச்செல்வி:
நான் மாநாடு ஏற்பாடு செய்யும் பக்கத்தில் இருப்பவள். அருள், உங்கள் அப்பா விஷயம் மனதை உறுத்துகிறது. ஆனால் ஸ்பான்சர் இல்லாமல் மாநாடு நடக்காது. ஓய்வூதிய நிதிகள், அறக்கட்டளைகளிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் நாங்கள் கட்டணமே வாங்குவதில்லை. அந்தச் செலவை ஸ்பான்சர்தான் தாங்குகிறார். அதற்கு ஈடாக அவர் கேட்பது ஒரு பேனலில் ஓர் இருக்கை.

அறிமுகங்கள் ஏன் ஒரே மாதிரி என்று கேட்டீர்கள். அதை நாங்கள் எழுதுவதில்லை. பேச்சாளர் ஒன்று எழுதுவார், மார்க்கெட்டிங் பிரிவு மெருகேற்றும், கம்ப்ளையன்ஸ் வெட்டும். லாபக் கணக்கு ஏதாவது இருந்தால் விளம்பர விதிகளில் மாட்டும் என்று முதலில் அதை எடுத்துவிடுவார்கள். கடைசியில் எங்களுக்கு வருவது அந்த 'இருபது ஆண்டு அனுபவம்' மட்டும்.

நிலா:
நான் மருத்துவத் துறை. எங்கள் மாநாடுகளில் பேச எழுந்ததும் தலைப்புக்கு அடுத்த ஸ்லைடு இதற்குத்தான்: எந்த மருந்து நிறுவனத்திடம் பணம் வாங்கினேன், யாருடைய பங்கு வைத்திருக்கிறேன். பத்து நொடி ஆகும். பின்னணி என்றால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். உங்கள் துறையில் ஏன் முடியாது?

செந்தில்வேலன்:
வெளிப்படையாகச் சொன்னால் சரியாகிவிடும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 2005-ல் கெய்ன், லோவன்ஸ்டீன், மூர் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கண்ணாடி ஜாடியில் சில்லறை எவ்வளவு இருக்கும் என்று ஒருவர் தூரத்திலிருந்து மதிப்பிட வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்த இன்னொருவர் ஆலோசனை சொல்வார். மதிப்பு ஏற ஏற ஆலோசகருக்குப் பணம் கூடும் என்று வைத்தார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிட்ட ஆலோசகர்கள் இன்னும் தாராளமாக ஏற்றிச் சொன்னார்கள். 'சொல்லிவிட்டோமே' என்ற நிம்மதி. கேட்டவர்கள் கழித்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவு கழிக்கவில்லை.

அருள்மொழி:
அப்படியென்றால் சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்போம். அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளில், மேனேஜர் தன் ஃபண்டில் எவ்வளவு சொந்தப் பணம் வைத்திருக்கிறார் என்று வெளியிட வேண்டும் என்பது சுமார் இருபது ஆண்டுகளாக இருக்கும் விதி. சரியான தொகை வேண்டாம், அடுக்கடுக்காக எல்லை கொடுத்திருக்கிறார்கள்: 'ஒன்றுமில்லை' என்பது கீழ் அடுக்கு, 10 லட்சம் டாலருக்கு மேல் என்பது உச்ச அடுக்கு. ஆவணத்தின் உள்ளே எங்கோ கிடக்கும் அந்த வரியை அறிமுகத்தில் கொண்டுவந்தால் என்ன?

செந்தில்வேலன்:
ஃபண்ட் மேனேஜருக்குச் சரி. கஸ்டடி அதிகாரிக்கும், காப்பீடு, ஓய்வூதிய அபாயங்களைக் கணக்கிடும் ஆக்சுவரிக்கும் அந்தக் கேள்வி பொருந்தாது. அவர்களிடம் 'எந்த முடிவில் உங்கள் கையெழுத்து இருந்தது' என்று கேளுங்கள். அவர்களை மேடையை விட்டு இறக்கும் யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

அருள்மொழி:
சரி, 'மட்டும்' என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சந்தைக் கணிப்பு சொல்லும் அமர்வுகளுக்கு என் விதி அப்படியே நிற்கட்டும்.

தமிழ்ச்செல்வி:
எங்கள் அடுத்த மாநாட்டுக்கு ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன்: 'இவர் ஆறு ஆண்டுகள் ஃபண்ட் மேனேஜராக முடிவெடுத்தவர், இப்போது வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறார். இந்த அமர்வுக்கு அவர் நிறுவனம் பணம் செலுத்தியிருக்கிறது. பேசப்போகும் ஃபண்டில் அவருக்குச் சொந்த முதலீடு இல்லை.'

பழனியப்பன்:
'பணம் செலுத்தியிருக்கிறது' என்ற வரியை முதலில் போடுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குள் கைதட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

நிலா:
நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

தமிழ்ச்செல்வி:
பெயரும் பதவியும் மட்டும் அச்சாகும். கீழே 'மற்ற விவரங்கள் தரப்படவில்லை' என்று போடுவேன். வரிசையை மாற்றிவிட்டேன் பழனி சார். நாளைக்குக் காலையில் முதல் ஸ்பான்சருக்குக் கடிதம் போகிறது.