மூண்டரை டன் டிப்பருக்குப் பின்னால எந்த சிப்பர் இழுக்கலாம்? மரம் வெட்டுற வேலை செய்யிற ஆக்கள் சொல்லுங்கோ

லூயிஷம்_தம்பி:

வணக்கம் அண்ணைமார் அக்காமார். நான் லண்டனில லூயிஷம் பக்கம் இருக்கிறன். மூண்டு வருசமா மரம் வெட்டுற ஒரு சின்ன கொம்பனியில கிரவுண்ட்ஸ்மனா நிக்கிறன், மேல கயித்தில தொங்குற ஆள் வெட்டி விடுற கொப்புகளை இழுத்துக்கொண்டு வந்து சிப்பருக்குள்ள (கொப்பை அரைச்சு சிப் எண்ட மரச்சீவலாக்கிற மெசின்) குடுக்கிறது, கயிறு பிடிச்சு மெதுவா இறக்கிறது, கடைசியா ரோட்டைக் கூட்டி விடுறது, இதுதான் என்ர வேலை. மெசின் வாள் டெஸ்டுகளில சிஎஸ் 30, 31 முடிச்சிட்டன், மரம் ஏறி அடிபட்ட ஆளை இறக்கிற 38 போன மாசம் பாஸ், கயித்தில நிண்டு வாள் பிடிக்கிற 39 இனித்தான். ஒரு கூட்டாளியோட சேந்து அடுத்த வருசம் சொந்தமா தொடங்குவம் எண்டு நினைச்சிருக்கிறம்.

கையில இருக்கிற காசு ஒரு பழைய டிப்பருக்கும் ஒரு சிப்பருக்கும்தான் காணும். டிப்பர் பாத்து வச்சாச்சு, 2017 டிரான்சிட், மூண்டரை டன், பின்னுக்கு உயரமா பலகை அடிச்ச பெட்டி, ட்ரெய்லர் கொழுவுற டோ பாரும் பூட்டியிருக்கு. சிப்பரிலதான் குழப்பம். ஆறு இஞ்சித் தடிப்புக் கொப்பு வரை அரைக்கிற, பிரேக் இல்லாத, 750 கிலோவுக்குள்ள வாறது எடுக்கிறதோ, இல்லாட்டி எட்டு இஞ்சி, பிரேக் உள்ள பெரிசு எடுக்கிறதோ? கூட்டாளி சொல்லுறான் 750க்கு மேல இழுக்க எங்களுக்கு லைசென்ஸ் இல்லை, தனி டெஸ்ட் எடுக்கோணும் எண்டு. நான் 2019ல டெஸ்ட் பாஸ் பண்ணினனான், அவன் 2022. வேலை செய்யிற இடத்தில கேட்டா நான் போகப்போறது தெரிஞ்சிடும், அதாலதான் இங்க கேக்கிறன். உண்மையா இந்த வேலையில நிக்கிற ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, ஒருக்கா பிழையா வாங்கிட்டமெண்டா திரும்ப வாங்க எங்களிட்ட காசில்லை.

பனையடி:

தம்பி, லைசென்ஸ் கதையை முதல் முடிச்சு விடுவம். கூட்டாளி சொல்லுறது பழைய சட்டம். 1997 ஜனவரி 1ல இருந்து கார் டெஸ்ட் பாஸ் பண்ணின ஆக்களுக்கு பெரிய ட்ரெய்லர் இழுக்க தனி டெஸ்ட் இருந்தது உண்மை, ஆனா 2021 டிசம்பர் 16ஓட அதை எடுத்துப்போட்டாங்கள். இப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் சாதாரண கார் லைசென்ஸோட 3,500 கிலோ வரை உள்ள ட்ரெய்லர் இழுக்கலாம், இழுக்கிற வானும் 3,500க்குள்ள இருக்கோணும். நீர் 2019ல பாஸ் பண்ணினதால பிரச்சினை ஒண்டும் இல்லை.

ஆனா உமக்கு லைசென்ஸ் இருக்கு எண்டதுக்காக அந்த வானுக்கு இழுக்கிற பலம் இருக்கெண்டு நினைக்கக் கூடாது. காசு குடுக்க முன்னம் போய் வின் பிளேட்டைப் பாரும், கதவைத் திறந்தா தூணில ஒரு சின்ன ஸ்டிக்கரோ தகடோ இருக்கும், சில வானில பொனற்றுக்குக் கீழ. நாலு இலக்கம் ஒண்டுக்குக் கீழ ஒண்டா இருக்கும். முதலாவது வானும் சாமானும் சேந்து எவ்வளவு வரலாம், ரெண்டாவது வானும் ட்ரெய்லரும் சேந்து எவ்வளவு, மற்ற ரெண்டும் முன் அச்சு, பின் அச்சு. ரெண்டாவதில இருந்து முதலாவதைக் கழியும், வாறதுதான் வான் நிறைய பாரம் நிக்கேக்க நீர் இழுக்கக்கூடிய ட்ரெய்லர். அந்த ரெண்டாவது இலக்கம் இல்லாத வானும் இருக்கு, அதில டோ பார் பூட்டியிருந்தாலும் ஒண்டும் இழுக்கேலாது. டோ பாரைப் பாத்து ஏமாந்து வாங்கின ஆக்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, நீர் கேக்காத விசயம், ஆனா இதுதான் பெரிசு. உந்த உயரப் பலகை அடிச்ச பெட்டி. பச்சை சிப் ஒரு கன மீட்டர் 300, 400 கிலோ வரும், ஆறு கன மீட்டர் பெட்டியை நிரப்பினா ரெண்டு டன். மூண்டரை டன் டிப்பர் ஒண்டு வெறுமனே ரெண்டே கால், ரெண்டரை டன் நிறை, அதுக்கு மேல நீங்கள் ரெண்டு பேர், வாள், கயிறு, பெற்றோல். பெட்டி பாதி நிரம்ப முன்னமே உம்மட கணக்கு முடிஞ்சுது. குத்தியள், வெட்டின மரத்துண்டுகள், இன்னும் மோசம். அறுபது சென்ரிமீட்டர் அகலம், ஒரு அடி தடிப்பு உள்ள பச்சை ஓக் வட்டு ஒண்டு 85 கிலோவுக்கு மேல, பத்து ஏத்தினா சரி.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். தொடங்கின முதல் வருசம், பின்னேரம் நாலு மணி, ஒரு பெரிய ஓக் முடிச்சு, வாடிக்கையாளர் குத்தியெல்லாத்தையும் கொண்டு போகச் சொன்னதால ரெண்டாம் தரம் வர பஞ்சியில எல்லாத்தையும் ஏத்திட்டன். பின் சில்லு ரெண்டும் வயிறு வச்ச மாதிரி நிக்குது, அது எனக்கே தெரியுது, எண்டாலும் வெளிக்கிட்டன். மோட்டார்வேக்கு ஏற முன்னம் மறிச்சு தராசுக்கு கொண்டு போனாங்கள். 4,180 கிலோ. 300 பவுண் தண்டம், அது போகட்டும், அந்த இடத்திலயே வானை அசைய விடேல்லை, மச்சான் இன்னொரு வானோட வந்து இருட்டுக்குள்ள ரெண்டு பேருமா குத்தியளை மாத்தி ஏத்தினம். எனக்கு பிறகு நித்திரை வராமப் பண்ணினது தண்டக்காசு இல்லை. வாற வழியில ஒரு பள்ளிக்கூடத்தடி இறக்கத்தில பிரேக் அமத்தேக்க வான் நிக்கப் பஞ்சிப்பட்டது, அது இப்பவும் ஞாபகம் இருக்கு.

கோவை_கிளைம்பர்:

அண்ணா சொன்னதுல ஒரு வரி கூட தள்ள முடியாதுங்க. நான் மில்டன் கீன்ஸ்ல எட்டு வருஷமா ஏறுறேன், ரெண்டு சைஸ் சிப்பர்லயும் வேலை பாத்திருக்கேன். என் ஓட்டு ஆறு இஞ்சுக்குத்தான். லண்டன்ல நீங்க பாக்கப்போற வேலை முக்காவாசி வீட்டுத் தோட்டம், வரிசை வீடு, ரெண்டு பக்கமும் கார் நிக்கிற சந்து. 750க்குள்ள இருக்கிற சிப்பர கழட்டி ரெண்டு பேரு கையால தள்ளித் திருப்பி நிறுத்தலாம், எட்டு இஞ்சு அப்படி முடியாது, வேன் எங்க நிக்குதோ அங்கதான் அதுவும் நிக்கும். ஆறு இஞ்சுக்கு மேல இருக்கிற கட்டைய எப்படியும் விறகுக்குத்தான் கேப்பாங்க, அத சிப் பண்றதே வேஸ்ட்.

ஆனா பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கும் ஒரு கணக்கு இருக்கு, 750 கிலோ இல்லனா இழுக்கிற வண்டியோட காலி எடையில பாதி, ரெண்டுல எது கம்மியோ அதுதான். டிரான்சிட்டுக்கு அது பிரச்சனை இல்ல, சின்ன பிக்கப்ல இழுக்கிறவங்க பாத்துக்கணும். அப்புறம் அந்த 750ன்றது ட்ரெய்லர் பிளேட்ல போட்டிருக்கிற மொத்த எடை, சிப்பர் மேல பெட்ரோல் கேனு, குச்சி, ரேக்குன்னு கட்டி வெச்சா தாண்டிடும்.

இன்னொன்னு, மாட்டுறது. ஒரு நாள் காலைல மழை, அவசரம், நான்தான் மாட்டினேன், கைப்பிடி கீழ விழுந்துச்சு, சரின்னு கிளம்பிட்டோம். அடுத்த தெருவுல ஸ்பீட் பிரேக்கர்ல டங்குன்னு ஒரு சத்தம், கண்ணாடில பாத்தா சிப்பர் மூக்கு ரோட்டுல தேயுது, காப்புக்கு மாட்டுற செகண்டரி கேபிள் ஒண்ணுதான் புடிச்சு வெச்சிருந்துச்சு. சிப்பர் மூக்குல இருக்கிற கப்ளிங் டோ பார் உருண்டை மேல உக்காந்திருக்கு, உள்ள கவ்வல. அன்னையில இருந்து மாட்டின உடனே ஜாக்கி வீல, சிப்பர் மூக்குல இருக்கிற சின்ன சக்கரத்த, கீழ சுத்தி இறக்குவேன், வேனோட பின்பக்கம் கூடவே கொஞ்சம் தூக்குச்சுன்னா கவ்விருச்சுன்னு அர்த்தம், உருண்டைய விட்டு கப்ளிங் மட்டும் எந்திரிச்சா இல்ல. பத்து செகண்ட் வேலை தம்பி, தினமும் பண்ணுங்க. பிரேக் உள்ள ட்ரெய்லர்னா பிரேக்அவே கேபிள் (ட்ரெய்லர் கழண்டா அதோட பிரேக்க இழுத்துப் புடிக்கிறது), அத உருண்டை மேல சும்மா மாட்டாம டோ பார்ல இருக்கிற வளையத்துல மாட்டணும்.

ஸ்பீடும் சொல்லிடறேன், ட்ரெய்லர் மாட்டிட்டா சிங்கிள் கேரேஜ்வேல 50, டூயல்லயும் மோட்டார்வேலயும் 60, மூணு லேன் மோட்டார்வேல வலது கடைசி லேன் போகவே கூடாது. ட்ரெய்லர் பின்னாடி வேனோட நம்பர் பிளேட்.

கடைசியா காசு விஷயம், வண்டிலயே எல்லாத்தையும் போட்டுடாதீங்க. ஏறுற ஹார்னெஸ், கயிறு, கராபினர் எல்லாம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லோலர்ன்ற தூக்குற சாமான் சட்டப்படி தகுதியான ஆள் பாத்து எழுதித் தரணும். ஏறுறவருக்கு டைப் சி பேன்ட், கால சுத்தி வாள் வெட்டுல இருந்து காக்கிறது. கீழ ஏறத்தெரிஞ்ச, 38 முடிச்ச இன்னொரு ஆள் கட்டாயம் வேணும், மேல அடிபட்டுத் தொங்கினா இறக்கப்போறது அவர்தான். உங்க கூட்டாளி 38 முடிச்சிருக்காரா? நீங்க அதப்பத்தி எழுதவே இல்ல. ஊர்ல தென்னை ஏறின தைரியம் வேற, இது வேற.

வேப்பமரத்தடி:

நான் மரம் வெட்டுறதில்லை, 11 வருசமா ஒரு போக்குவரத்துக் கொம்பனியில ஓட்டுநர் பதிவுகள் பாக்கிறன், ஒருத்தரும் சொல்லாத ரெண்டு விசயம் சொல்லிட்டுப் போறன் தம்பி.

ஒண்டு டாகோகிராஃப், ஓட்டுற நேரத்தைப் பதியிற கருவி. வான் 3,500, ட்ரெய்லர் 750, சேத்தா 4,250. தொழிலுக்கு ஓடேக்க ரெண்டும் சேந்து 3,500ஐத் தாண்டினா டாகோ சட்டத்துக்குள்ள வந்திடுவியள். உங்களைப் போல ஆக்களுக்கு ஒரு விலக்கு இருக்கு: சேத்து ஏழரை டன்னுக்குள்ள, ஓட்டுறவர் தன்ர வேலைக்குத் தேவையான சாமானைக் கொண்டு போறார், ஓட்டுறது அவற்ற முக்கிய வேலை இல்லை, வண்டி நிக்கிற இடத்தில இருந்து 100 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ள. மரம் வெட்டுறவனுக்கு இது சரியாப் பொருந்தும், ஆனா லூயிஷமில இருந்து பிரைட்டன் போகலாம், பிரிஸ்டலில வேலை வந்தா போகேலாது. விலக்குக்குள்ள நிண்டாலும் உள்நாட்டு மணிக்கணக்கு இருக்கு, ஒரு நாளைக்கு பத்து மணித்தியாலத்துக்கு மேல ஓடக்கூடாது.

மற்றது ஓ லைசென்ஸ், சாமான் வண்டி வச்சுத் தொழில் செய்யிறதுக்கான ஒப்பரேட்டர் லைசென்ஸ். மூண்டரை டன் வானுக்கு வேண்டாம், பின்னால இழுக்கிற ட்ரெய்லர் வெறும் நிறை 1,020 கிலோவுக்குள்ள இருந்தா அதையும் கணக்கெடுக்க மாட்டினம். எட்டு இஞ்சி சிப்பர் எத்தனையோ அதுக்கு மேல போகும். பெரிசுதான் எடுக்கிறதெண்டா காசு குடுக்க முன்னம் அதை எழுத்தில கேட்டு வையுங்கோ, பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை. ஆறு இஞ்சிக்கு இந்தத் தலையிடியே இல்லை.

யூலெஸ், புகை கூடின வண்டியளுக்கு லண்டனில அறவிடுற கட்டணம், பாத்தனீங்களோ? 2023 ஓகஸ்ட் 29ல இருந்து லண்டன் முழுக்க. டீசல் எண்டா யூரோ 6 புகைத் தரம் இருக்கோணும், இல்லாட்டி நாளுக்கு 12.50 பவுண். 2017 வான் அனேகமா சரியா இருக்கும், எண்டாலும் வான் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கோ. வெட்டின சிப், குத்தியை எறியிறதெண்டா அது சட்டப்படி கழிவு, கொண்டு போக என்விரோன்மென்ட் ஏஜென்சியில வேஸ்ட் கேரியரா பதியோணும்.

லூயிஷம்_தம்பி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, ராவு ரெண்டு மணி மட்டும் திருப்பித் திருப்பி வாசிச்சன். இண்டைக்கு வேலை முடிஞ்சு போய் வானைப் பாத்தன். பிளேட்டில மண் அப்பியிருந்தது, துப்பல் தொட்டுத் துடைச்சுத்தான் வாசிக்க முடிஞ்சுது. 3500, அதுக்குக் கீழ 5500. அப்ப ரெண்டு டன் இழுக்கலாம், ஆறு இஞ்சிக்கு தாராளம். விக்கிறவரிட்ட தராசுக்கு கொண்டு போகலாமோ எண்டு கேட்டன், நல்ல மனுசன், ஓமெண்டார். வெறும் வான் 2,350. எங்கள் ரெண்டு பேருக்கும் 160, சாமான் 120, சிப்பர் மூக்கு டோ பாரில அமத்துற பாரம் 50 எண்டு கழிச்சா 820 கிலோ மிச்சம். கன மீட்டருக்கு 350 எண்டு பாத்தா ரெண்டேகால் கன மீட்டர் சொச்சம். பெட்டித் தட்டை அளந்து கணக்குப் பாத்தன், சிப் என்ர முழங்காலுக்குக் கீழதான் நிக்கோணும். பலகை என்ர தோள் உயரத்துக்கு நிக்குது. மூண்டு வருசமா நான் வேலை செய்யிற இடத்தில நாங்கள் நிரப்பின உயரத்தை இப்ப நினைச்சா வயிறு கலக்குது.

மேல் பலகையைக் கழட்டப்போறன், உள்ளுக்கு அந்த உயரத்தில சுத்தி சிவப்புப் பெயின்ற் கோடு அடிக்கப்போறன். கூட்டாளி 38 செய்யேல்லை அண்ணா, நீங்கள் கேட்டது சரி. அவன் பாஸ் பண்ணும் மட்டும் தொடங்கிறதில்லை எண்டு இண்டைக்கு கதைச்சு முடிவெடுத்திட்டம்.

பனையடி:

கோடு நல்ல யோசினை தம்பி. மழையில நனைஞ்ச சிப்புக்கும் வசந்தத்து இலைக் கொப்புக்கும் கோட்டுக்கு ஒரு சாண் கீழ நில்லும். முதல் பெரிய லோட் ஏத்தினதும் ஒருக்கா தராசுக்குப் போம், மொத்தத்தை மட்டும் பாக்காம பின் அச்சைத் தனிய நிறுத்துப் பாரும், சிப் எல்லாம் பின்னுக்குக் குவிஞ்சா மொத்தம் சரியா இருந்தும் பின் அச்சு கூடிடும். கூட்டாளிக்கு 38 பழகிறதுக்கு மரம் வேணுமெண்டா தனி மெசேஜ் போடும், எங்கட யார்ட்டில ரெண்டு நல்ல சிக்கமோர் நிக்குது.