எக்செல்லில் இழுக்கும்போது பாதியில் பிடி விடுகிறது, கையும் நோகிறது: மவுஸ் பிழையா, நான் வேலை செய்கிற விதம் பிழையா?

ஒட்டுசுட்டான்_பட்டியல்

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்குக் கணினி வேலை செய்து கொடுக்கிறேன். இப்போது உர மானியப் பட்டியல் போகிறது: பெயர், அடையாள அட்டை இலக்கம், வாய்க்கால், வயல் அளவு, வங்கிக் கணக்கு. ஆயிரம் வரிசைக்கு மேல் வரும். இடையிடையே பழைய கூட்ட அறிக்கைகளையும் வேர்டில் திருத்த வேண்டும். அவை எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை.

மேசைக் கணினி, விண்டோஸ் 10, வயர் மவுஸ். மேசைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது.

எக்செல்லில் மேலிருந்து கீழே இழுத்துத் தெரிவு செய்துகொண்டு போகையில் நடுவழியில் பிடி விட்டுப்போகிறது. திரும்ப மேலே போய் முதலில் இருந்து இழுக்க வேண்டும். அம்புக்குறியும் சில நேரம் வைத்த இடத்தில் நிற்காமல் துள்ளுகிறது. பின்னேரம் ஆனால் வலது மணிக்கட்டும் சுட்டுவிரலும் நோகின்றன.

நல்லதொன்று வாங்குவதென்றால் மாங்குளம் போய் அங்கிருந்து கிளிநொச்சி பஸ் பிடிக்க வேண்டும். வாங்கியும் இதே கதை என்றால் வீண் அலைச்சல். அதுதான் முதலில் கேட்கிறேன்.

வன்னிவெயில்

பற்றரி மாத்திப் பாருங்கோ.

கனகராயன்

வன்னிவெயில், வயர் மவுஸ் என்று எழுதியிருக்கிறாரே, பற்றரிக்கு எங்கே போவது?

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, துள்ளுவதும் பிடி விடுவதும் வேறு வேறு வருத்தம். துள்ளுவதற்குக் கண்ணாடியைத்தான் சந்தேகப்படுகிறேன். மவுஸின் அடியில் இருக்கிற சின்னக் கமரா மேசையின் மேற்பரப்பை விடாமல் படம் எடுத்து, முந்தின படத்தோடு ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. வெறும் கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பைல் மட்டையைக் கீழே வையுங்கள், காணும். மினுங்குகிற கலண்டர் தாள் வேண்டாம். அந்தக் கமரா ஓட்டையில் தூசியோ தலைமயிரோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பக்கத்துத் தூசி கோடையில் எதற்குள்தான் போகாது.

பிடி விடுவது பெரும்பாலும் இடது பட்டனுக்குள் இருக்கிற சுவிட்ச் தேய்ந்ததால். நீங்கள் அமத்திக்கொண்டுதான் இருப்பீர்கள், உள்ளே தகடு ஒரு கணம் விட்டுத் தொடும். கணினி அதை நீங்கள் விரலை எடுத்ததாகவே எண்ணும். ஒருதரம் தட்டியும் டபிள் கிளிக் ஆகிற மவுஸ்களுக்கும் இதே வருத்தம்தான்.

சோதிப்பது லேசு. செற்றிங்ஸ், டிவைசஸ், மவுஸ் என்று போய் முதன்மைப் பட்டனை வலதுக்கு மாற்றுங்கள். இப்போது வலது பட்டனால் அதே பட்டியலை இழுங்கள். பிடி விடாவிட்டால் இடது சுவிட்ச் முடிந்தது. அப்படியும் விட்டால் வயரையும் யூ.எஸ்.பி துளையையும் பார்க்க வேண்டும்.

ஒட்டுசுட்டான்_பட்டியல்

தங்கச்சிதான் அண்ணை. பைல் மட்டை வைத்ததும் துள்ளல் நின்றுவிட்டது. வலது பட்டனில் கடைசி வரிசை வரை ஒரே இழுவையில் போனது, ஆக இடது சுவிட்ச்தான். இப்போதைக்கு வலதையே முதன்மையாக வைத்து ஓட்டுகிறேன், விரலுக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்போ கை நோவு?

முறிகண்டிக்கச்சான்

அந்தச் சுவிட்ச் ஏன் தேய்ந்தது என்று யோசியும் தங்கச்சி. பட்டனை அமத்திப் பிடித்தபடி கையை நகர்த்துவதுதான் மவுஸ் வேலையிலேயே களைப்பான வேலை. விரல் இறுகி நிற்க வேண்டும், மணிக்கட்டு நகர வேண்டும். அந்த இழுவையில் பாதிக்கு மேல் தேவையே இல்லை.

முதல் செல்லில் ஒரு தட்டு தட்டி விரலை எடுத்துவிடுங்கள். வீலை உருட்டிக் கீழே போங்கள். இடையில் தேத்தண்ணி வந்தால் குடித்துவிட்டும் போகலாம், ஒன்றும் கெடாது. கடைசிச் செல்லுக்கு வந்ததும் ஷிப்டை அழுத்தியபடி ஒரு தட்டு. நடுவில் உள்ள அத்தனையும் தெரிவாகிவிடும். வேர்டிலும் இணையப் பக்கத்திலும் போல்டருக்குள் கிடக்கிற பைல்களிலும் இதே முறைதான். இந்த ஒன்றைப் பழகினாலே போதும், மற்றதெல்லாம் மேலதிகம்.

மேலதிகத்தில் ஒன்று சொல்கிறேன். செல்லின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் இருக்கிறதல்லவா, அதைப் பிடித்து ஆயிரம் வரிசை இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அதன் மேல் டபிள் கிளிக் செய்தால் பக்கத்துக் கொலத்தில் விபரம் எதுவரை இருக்கிறதோ அதுவரை தானாகவே நிரம்பும். தொடர் இலக்கம் வேண்டுமென்றால் 1, 2 என்று இரண்டு செல்லில் அடித்து, இரண்டையும் தெரிவு செய்து டபிள் கிளிக்.

ஆனால் கவனம். ‘வாய்க்கால் 3’ என்று அடித்த செல்லை இப்படி நிரப்பினால் கீழே வாய்க்கால் 4, 5, 6 என்று போய்க்கொண்டே இருக்கும். நிரம்பினதும் ஓரத்தில் வருகிற சின்னப் பெட்டியைத் தட்டி ‘கொப்பி செல்ஸ்’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அப்படியே அனுப்பினால் முத்தையன்கட்டில் வெட்டாத வாய்க்காலுக்கெல்லாம் உரம் கேட்ட கணக்காகிவிடும்.

செல்லுக்குள் #### என்று வந்தாலும் கொலத்தை இழுக்க வேண்டாம். தலைப்பில் இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள கோட்டில் டபிள் கிளிக், தேவையான அகலம் தானே வரும்.

ஒட்டுசுட்டான்_பட்டியல்

ஷிப்ட் தட்டுக்கே உங்களுக்குக் கோடி புண்ணியம் அக்கா. இன்னும் இரண்டு சந்தேகம்.

கோட்டில் டபிள் கிளிக் செய்தும் புது அடையாள அட்டை இலக்கங்கள் முழுதாகத் தெரியவில்லை. தசமப் புள்ளியும் நடுவில் ஓர் ஆங்கில எழுத்துமாக நிற்கின்றன. பழைய அட்டை இலக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

வேர்டில் ஒரு சொல்லை டபிள் கிளிக் செய்தால் முழுச் சொல்லும் தெரிவாக வேண்டும் அல்லவா? என் அறிக்கைகளில் ‘கமக்காரர்’ என்பதைத் தட்டினால் பாதிதான் பிடிபடுகிறது. இதுவும் சுவிட்ச் கோளாறா?

பாலைப்பழம்

சுவிட்சில் பழி போடாதேங்கோ, இது பாமினி செய்கிற வேலை. கண்ணுக்குத் தெரிவது தமிழ் என்றாலும் உள்ளே கிடப்பது ஆங்கில விசைப்பலகைக் குறிகள். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி அங்கே ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளி வந்தால் சொல் முடிந்தது என்று வேர்ட் எடுத்துக்கொள்ளும். ‘கமக்காரர்’ என்பது ‘க்’ வந்த இடத்திலேயே உடைவது அதனால்தான். யூனிக்கோட்டில் அடித்த சொல் இப்படி உடையாது.

திருத்த வேண்டிய அறிக்கைகள் நிறைய என்றால் முதலில் யூனிக்கோட்டுக்கு மாற்றிவிடுங்கள், இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஆட்களின் பெயர்களை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். பாமினியிலேயே வைத்திருக்க வேண்டுமென்றால் சொல்லுக்கு முன்னால் ஒரு தட்டு, முடிவில் ஷிப்டோடு ஒரு தட்டு. பந்தியாக எடுப்பதற்கு எழுத்துரு தடையில்லை: தாளின் இடது ஓர வெள்ளைக்கு அம்பைக் கொண்டுபோனால் அது வலப்பக்கம் சாயும். அங்கே ஒரு தட்டு ஒரு வரி, இரண்டு தட்டு ஒரு பந்தி, மூன்று தட்டு முழு ஆவணம்.

அடையாள அட்டை விஷயம். புது அட்டையில் 12 இலக்கம். சாதாரண வடிவத்தில் எக்செல் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும், அதைத் தாண்டினால் சுருக்கிவிடும். பழைய அட்டையில் 9 இலக்கத்தோடு ஓர் எழுத்தும் இருப்பதால் எக்செல் அதை எண்ணாகவே பார்ப்பதில்லை, அது தப்பிவிட்டது. கொலத்தின் தலைப்பு எழுத்தைத் தட்டி, ரைட் கிளிக், போர்மட் செல்ஸ், நம்பர், தசம இடம் 0. அடித்த இலக்கம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. வங்கிக் கணக்குக் கொலத்துக்கு, அடிக்கத் தொடங்கும் முன்பே ‘டெக்ஸ்ட்’ என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் நிற்கிற பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும்.

மாங்குளத்தான்

எல்லோரும் மவுஸையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்பு மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் நேரே கடைசி வரிசை. மவுஸைத் தூக்கி லாச்சிக்குள் போடுங்கோ.

முறிகண்டிக்கச்சான்

இடையில் ஒரு செல் வெறுமையாக இருந்தால் உங்கள் அம்பு அங்கேயே நின்றுவிடும் தம்பி, வயல் அளவு தராத ஆட்கள் எல்லாப் பட்டியலிலும் இருப்பார்கள். லாச்சி வேண்டாம், கையைப் பிரித்துக் கொடுங்கள். கொப்பி எடுக்க, வெட்ட, ஒட்ட, சேமிக்க, பின்வாங்க உள்ள விசைகள் எல்லாம் இடக்கைக்குக் கிட்டவே இருக்கின்றன. வலக்கை மவுஸிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தரமும் ரைட் கிளிக் செய்து மெனுவில் தேடுவதை விட்டாலே சுட்டுவிரல் ஆறும்.

கனகராயன்

நோவுக்கு நானும் ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. வலப்பக்கம் இலக்க விசைகள் உள்ள நீள விசைப்பலகை மவுஸைத் தூரத் தள்ளிவிடும், கை விரிந்தபடியே நிற்கும். விசைப்பலகையை இடப்பக்கம் நகர்த்தி மவுஸை முழங்கைக்கு நேரே கொண்டு வாருங்கள். கதிரை உயரம் குறைவு என்றால் மேலே ஒரு தலையணை. மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி ஆட்டாமல் முன்கையோடு சேர்த்து நகர்த்துங்கள்.

மவுஸ் செற்றிங்ஸில் ‘என்ஹான்ஸ் பொயின்ரர் பிரிசிஷன்’ என்று ஒன்று இருக்கும், விண்டோஸ் அதைப் போட்டே தரும். அது இருந்தால் கையை வேகமாக நகர்த்தும்போது அம்பு கூடுதல் தூரம் பாயும். சின்னச் செல்களைக் குறிவைக்கிற சிலர் அதை எடுத்துவிடுவார்கள். எனக்கு இருப்பதுதான் வசதி. இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். விரல் மரத்தாலோ இரவில் படுத்த பிறகும் நொந்தாலோ ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அது எங்களிடம் கேட்கிற விஷயம் இல்லை.

ஒட்டுசுட்டான்_பட்டியல்

அட்டை இலக்கம் சரி வந்துவிட்டது, நன்றி. தொடர் இலக்கம் மட்டும் மக்கர் பண்ணுகிறது. சதுரத்தில் டபிள் கிளிக் செய்தால் முதல் கிராமம் முடிகிற இடத்திலேயே நின்றுவிடுகிறது. கிராமத்துக்குக் கிராமம் ஒரு வெற்று வரிசை விட்டிருக்கிறேன்.

முறிகண்டிக்கச்சான்

அந்த வெற்று வரிசைதான். முழு வரிசையும் வெறுமையானால் பட்டியல் அங்கே முடிந்தது என்று எக்செல் நினைக்கும். அவற்றை எடுத்துவிட்டு ‘கிராமம்’ என்று தனிக் கொலம் போடுங்கள். பிறகு பில்டர் போட்டால் எந்தக் கிராமத்தையும் தனியே பார்க்கலாம், அச்சும் எடுக்கலாம். வெற்று வரிசைகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம்: கொன்ட்ரோலை அழுத்தியபடி வரிசை இலக்கங்களைத் தட்டிக்கொண்டே போய், எல்லாவற்றையும் தெரிவு செய்த பிறகு ஒரே ரைட் கிளிக்கில் டிலீட்.

ஒட்டுசுட்டான்_பட்டியல்

ஓம் அக்கா, செய்கிறேன். மவுஸ் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். என்ன பார்த்து வாங்க?

கனகராயன்

பெட்டியைத் திறந்து கையில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும். வயர் உள்ளதே எடுங்கள். வீலை அழுத்தினாலும் தட்டுப்பட வேண்டும், இணையத்தில் ஒரு இணைப்பின் மேல் அதை அழுத்தினால் புது டாப்பில் திறக்கும். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். கண்ணாடிக்கு மேலே பைல் மட்டை தொடர்ந்து இருக்கட்டும்.