ரீட் வால்வுக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டு, 1973இல் வந்த யமஹா ஆர்டி350. ரீட் வால்வில் வந்து நின்றுவிட்டேன். ரீட் என்றால் நாணல், வால்வு என்றால் தடுக்கிதழ் என்று 'நாணல் தடுக்கிதழ்' போட்டால் மாணவர்கள் நாணலைத் தேடுவார்கள். அங்கே இருப்பது மெல்லிய எஃகுத் தகடு.

இதற்கு முந்தைய ஆர்5 வண்டியிலும் இதே 347 சிசி, இதே 64 × 54 மி.மீ. அளவுதான். அதில் பிஸ்டனின் பக்கச்சுவரே, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வரும் வழியைத் திறந்து மூடும். ஏறும்போது எந்த இடத்தில் திறக்கிறதோ, இறங்கும்போது அதே இடத்தில்தான் மூடும். அதனால் மெதுவாக ஓடுகையில் கலவை கொஞ்சம் கார்புரேட்டருக்கே திரும்பிவிடும். ஆர்டியில் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இந்தத் தகடுகளை வைத்தார்கள். பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையில் அழுத்தம் குறைந்தால் வளைந்து வழிவிடும், கூடினால் தாமே மூடிக்கொள்ளும். சொல்லில் இந்த வேலை தெரிய வேண்டும்.

———

ஐயா, நாணலை ஏன் கைவிட வேண்டும்? நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வதுதானே, அதுவும் நாணல் இனம். சீவி எடுப்பதால் சீவாளி என்பது என் துணிவு. 'சீவாளி வால்வு' என்றால் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

———

தஞ்சாவூரில் புரியும். தருமபுரியில்? சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு அதிர்ந்து ஓசை எழுப்பும். இங்கே தகடு ஒரு கூட்டின் மேல் படிகிறது, ஓசைக்கு வேலையில்லை. 'சீவு' வேரும் எனக்கு ஒப்பவில்லை. தொழிலாளி, அறிவாளி என 'ஆளி' ஆளைக் குறிக்கும், கருவிக்கு எப்படி வரும்?

அப்புறம், 'தடுக்கிதழ்' என்பதே பிழை என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன். 'தடு' பகுதி. வினைத்தொகையானால் 'தடுவிதழ்' என்று வர வேண்டும், 'தடுக்கி' என்றால் 'தடுக்கியிதழ்'. 'தடுக்கு' பெயர்ச்சொல்லென்றால் அது குழந்தையைக் கிடத்தும் ஓலைப்பாய். நல்ல வினைத்தொகை வேண்டுமா? 'வளைதகடு'. வளைந்த, வளைகிற, வளையும் தகடு, முக்காலமும் அடங்கும்.

———

முக்காலமும் அடங்குவதுதான் சிக்கல். பட்டறையில் எந்தத் தகடு வளைந்து கிடந்தாலும் வளைதகடுதான். உயிரியல் பாடத்தில் 'மூவிதழ் வால்வு' படித்த மாணவருக்கு இதழ் பழக்கம். நாக்குப் போல ஒரு முனை பொருந்தி மறுமுனை அசைவதால் 'நாவிதழ்' எனலாம். முதலில் 'நாவாயில்' என்று நினைத்தேன், பாதி படிக்கும்போதே 'நாவாய்' கப்பலாகிவிடுகிறது.

எந்தச் சொல்லானாலும் 'ரீட்' பக்கத்தில் இருக்கட்டும். பரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் இதே வண்டியை 1983இல் ராஜ்தூத் 350 என்று செய்யத் தொடங்கியது. அன்று முதல் நம் மெக்கானிக்குகள் வாயில் அது ரீட்தான். பிறகு வந்த ஆர்எக்ஸ்100க்கும் அப்படியே. கைவேலை தெரிந்தவர் பேச்சை விட்டுப் பாடம் எழுதினால் மாணவர் இரண்டு மொழி படிக்க வேண்டிவரும்.

———

சரி, அச்சகம் காத்திருக்கிறது. பெரும்பாலோர் நாவிதழ் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். முதல் இடத்தில் 'ரீட் வால்வு எனும் நாவிதழ்', பிறகு நாவிதழ் மட்டும். எல்லோருக்கும் நன்றி.

———

எனக்கு உடன்பாடில்லை. நாவிதழில் வளைவதும் இல்லை, மூடுவதும் இல்லை. அடுத்த பதிப்புக்கு 'வளைதகடு' என்று குறித்துவையுங்கள். புகை வெளியேறும் குழாயில் உள்ள எக்ஸ்பேன்ஷன் சேம்பரை வெறும் 'சைலன்சர்' என்று போட்டுவிடாதீர்கள், அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.