மறு: 'கேட்டட் கம்யூனிட்டி' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

மதில் கட்டி, வாயிலில் ஆள் பார்த்து உள்ளே விடும் 'கேட்டட் கம்யூனிட்டி' குடியிருப்புகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். வாயிற்சமூகம், காவற்குடியிருப்பு, அரண் குடியிருப்பு, மதிலகம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்குமே எனக்கு முழுதாக ஒட்டவில்லை. ஏன் என்று எங்கள் இராமநாதபுரம் கடற்கரையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கீழக்கரையின் பழைய தெருக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வீட்டோடு வீடு ஒட்டி, சுவர்கள் உயரமாக நிற்கும். உள்ளே இருப்பவர்களின் மறைவைக் காப்பது அந்தச் சுவரின் வேலை. ஆனால் தெரு எல்லாருக்கும் பொதுதான். மீன் விற்கும் அம்மாவும் போவார், பள்ளிக்கூடப் பிள்ளையும் போகும், வழி கேட்டு வந்த வெளியூர்க்காரரும் போவார். நாம் பேசும் புதுவகைக் குடியிருப்பில் தெருவே மதிலுக்குள் போய்விடுகிறது. தெரு, பூங்கா, விளையாட்டுத் திடல், கடலோரமாக இருந்தால் கடலுக்குப் போகும் பாதையும் சேர்த்து. வாயில் எல்லா வீட்டுக்கும்தான் இருக்கிறது. அதனால் 'வாயிற்சமூகம்' இந்த வேறுபாட்டைத் தொடவே இல்லை.

பாதை அடைபடுவது என்றால் என்ன என்பதற்குக் கரைவலையைச் சொல்ல வேண்டும். படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் வெவ்வேறு இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். நடுவே நல்ல தூரம் இருக்கும். இரண்டு வரிசையாக ஆட்கள் இழுக்க இழுக்க, வரிசைகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறும்போது எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். இந்த வேலைக்கு வலையும் ஆளும் மட்டும் போதாது, தடையில்லாத மணல் வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பண்ணைவீட்டுத் தொகுதிக்காரர்கள் அலை தொடும் இடம் வரைக்கும் மதிலை இறக்கினார்கள். அந்த இடத்தில் இழுப்பு நின்றே போனது. கூடை சுமக்கிற பெண்கள் இப்போது பின்பக்கம் சுற்றிப் போகிறார்கள். கடற்கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-லிருந்து இருக்கிறது, 2011-லும் 2019-லும் புதிதாக வெளியிட்டார்கள். இருந்தும் மதில் முதலில் எழும்பிவிடுகிறது, மனு பின்னாலேதான் போகிறது.

'காவற்குடியிருப்பு' வேண்டாம். 'காவலர் குடியிருப்பு' என்று ஏற்கெனவே ஊர் ஊராகப் பலகை இருக்கிறது, குழப்பம் வரும். அதைவிட முக்கியமாக, காவல், பாதுகாப்பு எல்லாம் மனை விற்பவரின் விளம்பரச் சொற்கள்.

'அரண்' எனக்குப் பிடித்த சொல். பிடித்ததால்தான் இதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. குறளில் அரண் அதிகாரம் நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் காட்டையும் அரண் என்கிறது. எங்களுக்குக் கடலுக்குள் பாறைத்திட்டாக இருக்கிற பார்தான் அரண். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் பவளப்பார்கள் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு கரையைக் காப்பாற்றுகின்றன. அதைத்தான் ஒரு காலத்தில் வெட்டி எடுத்து வீட்டுக்குக் கல்லாகவும், சுட்டுச் சுண்ணாம்பாகவும் ஆக்கினோம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர்களில் அந்தப் பவளக்கல்லை இன்றும் பார்க்கலாம். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சரி, நான் சொல்ல வந்தது இது: பார் தனக்குப் பின்னால் இருக்கிற எல்லாக் குடிசையையும் காக்கிறது, ஆள் பார்ப்பதில்லை. அதற்குரிய பெயரை ஆள் பார்த்து உள்ளே விடும் ஒன்றுக்கு வைக்கலாமா?

'மதிலகம்' அழகான சொல், மறுக்கவில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஓலை ஆவணங்களுக்கு மதிலகம் ஆவணங்கள் என்றே பெயர். அதனால் அது கோயில், அரண்மனை வரலாறு எழுதுபவர்களுக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை: மதிற்குடியிருப்பு.

சுவர் கூரையைத் தாங்கும். மதில் எதையும் தாங்குவதில்லை. உள் எது, வெளி எது என்று பிரிப்பதுதான் அதன் ஒரே வேலை. பேச்சில் 'காம்பவுண்டு' வந்துவிட்டாலும், 'மதில் மேல் பூனை' என்றால் புரியாத தமிழர் கிடையாது. வழிச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: அங்கே வாழ்பவர்கள் மதிற்குடியினர், ஓர் ஊர் மெல்ல மெல்ல இப்படி மாறுவது மதிற்குடியாக்கம்.

கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும், சாடல் தொனிக்கக் கூடாது என்று சென்னையிலிருந்து ஐயா எழுதியிருந்தார். ஐயா, மதிற்குடியிருப்பு யாரையும் ஏசவில்லை, இருப்பதைச் சொல்கிறது. ஆனால் நடுநிலை என்ற பெயரில் மழுப்பவும் கூடாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரைச் 'சுற்றுச்சுவர்' என்றே எழுதிக்கொண்டிருந்தால், 2008-இல் அதன் ஒரு பகுதியை ஏன் இடித்தார்கள் என்பதே படிப்பவருக்கு விளங்கியிருக்காது. 'தீண்டாமைச் சுவர்' என்ற சொல் அந்தச் சுவர் செய்த வேலையைச் சொன்னது. அப்புறம், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டுவதற்குத் 'தூண்டில் வளைவு' என்று மீனவர்கள் சொல்ல, அரசு அறிக்கையும் அதையே எழுதுகிறது. உருவத்தை வைத்தோ வேலையை வைத்தோ வந்த சொல் நிலைக்கிறது.

அகராதிப் பதிவுக்கு இப்படி ஒரு விளக்கம் எழுதலாம்: "பல வீடுகளை ஒரே மதிலால் வளைத்து, உள்ளிருக்கும் தெரு முதலிய பொது இடங்களை அங்கு வாழ்வோர்க்கு மட்டுமே உரியதாக்கிய குடியிருப்பு." 'பொது இடங்களை' என்பதை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள். அதுதான் இந்தப் பொருளின் உயிர்.

எங்கள் பக்கம் பேச்சில் 'கேட்டு போட்ட காலனி' என்கிறார்கள். தொண்டி, பாம்பன், ஏர்வாடிப் பக்கம் வேறு எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மதிற்குடியிருப்பைவிட நல்ல சொல் அங்கே கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து