பார்வோவுல குட்டி செத்த வளவுக்குள்ள புதுக் குட்டி கொண்டு வரலாமா?

வாவிக்கரை_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். ஆரையம்பதியில இருந்து எழுதிறன். வீட்டில இப்ப அமளியான காலம். மனிசிக்கு இந்தத் தவணை தூரத்துப் பள்ளிக்கூடம், காலையில ஆறரைக்கு வெளிக்கிட்டா பின்னேரம் ரெண்டரைக்குத்தான் வருவா. எனக்குப் பெரும்போக விதைப்பு, வயல் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகளுக்கு ஒண்டரை வயசு, பகல்ல மாமிதான் பார்க்கிறா.

நாலு மாதத்துக்கு முன்னம் மூண்டு மாத நாய்க்குட்டி ஒண்டு சத்தியும் இரத்த வயிற்றோட்டமுமாச் செத்தது. ஒரு ஊசிதான் போட்டிருந்தம். பார்வோ எண்ட வைரஸ் நோய் எண்டு மிருக வைத்தியர் சொன்னவர். இப்ப பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு. அதில ஒரு பொட்டைக் குட்டி, 40 நாள். மகள் வேலிக்குள்ளால கையை நீட்டிக் கூப்பிட்டபடியே நிக்கிறாள். டெட்டோல் போட்டு வீடு முழுக்கக் கழுவியாச்சு. கொண்டு வரலாமா? ஊசி எத்தனை, எப்ப? சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில வேற என்ன கவனிக்கணும்?

கச்சான்காத்து:
தம்பி, நாலு மாதம் போதாது. பார்வோ வைரஸ் நிழல் விழுற ஈர மண்ணுக்குள்ள ஒரு வருஷத்துக்கு மேலயும் கிடக்கும். டெட்டோல், பினாயில், சவர்க்காரம் எதையும் நம்பேலாது. வைரஸுக்கு வெளியில கொழுப்புத் தோல் இல்லை, அதாலதான் இதுகள் வேலை செய்யாது. குளோரின்தான் வேணும்.

கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடர் கிடைக்கும்தானே. 10 லீற்றர் வாளித் தண்ணிக்கு 50 கிராம், அதாவது தட்டையா நாலு மேசைக்கரண்டி. கலக்கி அடைய விட்டு மேல தெளியிற தண்ணியை எடுங்க. கடையில வாங்குற வெள்ளைப்படுத்தும் திரவம் எண்டா ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி. முதல்ல தும்புத்தடியால தேய்ச்சுச் சவர்க்காரத் தண்ணியில ஊத்தை எல்லாம் போகக் கழுவணும். மலமும் மண்ணும் ஒட்டிக்கிடந்தா குளோரின் அதிலேயே செலவாகிப் போகும், வைரஸுக்கு மிஞ்சாது. பிறகு குளோரின் தண்ணியை ஊத்திப் பத்து நிமிஷம் ஈரமாவே விட்டு, நல்ல தண்ணியால அலசுங்க. கட்டி பட்டு மணம் போன பவுடர் பிரயோசனம் இல்லை. கழிவறை கழுவுற அசிட்டோட மட்டும் சேர்த்திராதீங்க, வாற புகை நெஞ்சை அடைக்கும்.

சீமெந்துத் தரைக்கு இது போதும். மணல் முற்றத்துக்கு ஏலாது. பழைய குட்டி கிடந்த இடத்தில மூண்டு அங்குலம் மணலை வழிச்செடுத்து ஆழமாப் புதைச்சிட்டுப் புது மணல் போடலாம். அப்பவும் முழுக்கப் போயிட்டுது எண்டு சொல்லேலாது. மாரி மழை துவங்கினா வெள்ளம் ஒரு மூலையில கிடந்ததை வளவு முழுக்கப் பரப்பிவிடும். அதால குட்டி விறாந்தையை விட்டு மணலுக்கு இறங்கப்படாது, ஊசி முடியும் வரைக்கும்.

மனசில உள்ளதைச் சொல்றன்: உங்கட வளவுக்கு ஆகப் பாதுகாப்பானது ஊசி எல்லாம் முடிஞ்ச பெரிய நாய்தான். இந்தக் குட்டிதான் வேணும் எண்டா 40 நாளில எடுக்காதீங்க. எட்டுக் கிழமை வரைக்கும் தாயோட விடுங்க. முதல் ஊசியைப் பக்கத்து வீட்டில வச்சே போடுவியுங்க. அந்த ரெண்டு கிழமையில நீங்க துப்புரவு வேலையை முடிக்கலாம்.

திருக்கோவில்_அக்கா:
ஊசிக் கணக்கை நான் சொல்றன். போன குட்டி ஒரு ஊசியோட ஏன் தப்பேல்ல எண்டது அதிலதான் இருக்கு. தாய்ப்பாலில வாற எதிர்ப்புச் சக்தி குட்டியின்ர உடம்பில இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தையும் அது அழிச்சுப்போடும். அது ஒரு குட்டிக்கு ஏழாம் கிழமையில குறையும், இன்னொண்டுக்குப் பதினாலாம் கிழமையில. எப்ப எண்டு வெளியில தெரியாது. அதுக்குத்தான் திரும்பத் திரும்பப் போடுறது. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குள்ள முதலாவது, பிறகு மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா. கடைசி ஊசி 16 கிழமைக்கு முந்தி முடியப்படாது. மூண்டு போட்டாச்சு எண்டு 12 கிழமையோட நிப்பாட்டுற ஆக்கள்தான் கூட. பிழை விடுறது அந்த இடத்திலதான். கடைசி ஊசிக்குப் பிறகும் ரெண்டு கிழமை பொறுக்கணும். ஒரு வருஷத்தில திரும்ப ஒண்டு.

மருந்து 2 தொடக்கம் 8 பாகை குளிரில இருக்கணும். பார்மசியில வாங்கிக் கைப்பையில போட்டு வெயிலுக்குள்ள பஸ்ஸில கொண்டு போனா, ஊசி போட்டும் போடாத மாதிரித்தான். குளிர்ப்பெட்டியில வச்சிருக்கிற வைத்தியரிட்டயே போடுவியுங்க. போத்தலில இருக்கிற ஸ்டிக்கரைக் கழட்டி அட்டையில ஒட்டச் சொல்லிக் கேளுங்க. வயிற்றோட்டமோ காய்ச்சலோ இருக்கிற அண்டைக்குப் போடக்கூடாது.

விசர்நாய்க்கடி ஊசி வேற. மூண்டு மாதத்தில ஒண்டு, பிறகு வருஷா வருஷம். பொது சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேட்டா உங்கட பகுதிக்கு இலவசமா எப்ப போடுறாங்க எண்டு சொல்லுவார். குட்டிதானே எண்டு நினைக்க வேணாம், சின்னக் குட்டியும் விசரைக் காவும். பிள்ளையில பல்லோ நகமோ பட்டா உடனே சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மஞ்சள், எண்ணெய், கோப்பித்தூள் ஒண்டும் காயத்தில வைக்காதீங்க.

கல்லாறு_மச்சான்:
பிள்ளைக்கு நான் கூடப் பயப்படுறது பூச்சியை நினைச்சுத்தான். கடற்கரை மணல் கொழுக்கிப்புழுவுக்கு நல்ல தோது. குட்டி மலம் கழிச்சு ஒரு கிழமைக்குள்ள குஞ்சுப்புழு மணலுக்கு வந்திடும். வெறுங்காலில நடக்கிற பிள்ளையின்ர தோலுக்குள்ள போய்ச் சிவப்புக் கோடு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும், இரவில கடி தாங்கேலாது. உருண்டைப்புழு முட்டை வேற மாதிரி. மண்ணில ரெண்டு மூண்டு கிழமை கிடந்த பிறகுதான் தொத்தும், அதுவும் மண் பட்ட கையை வாயில வைச்சா. ரெண்டுக்கும் ஒரே வழி: ஒவ்வொரு நாளும் மலத்தை அள்ளிப் புதைக்கிறது. பூச்சி மருந்து ரெண்டு கிழமை வயசிலயே துவங்கணும். 2, 4, 6, 8 கிழமையில, பிறகு ஆறு மாதம் வரைக்கும் மாதம் ஒருக்கா. நிறைக்கு ஏற்ற அளவு, அதால முதல் குட்டியைத் தராசில வைச்சுப் பாருங்க. 40 நாள் எண்டா இப்பவே ரெண்டு தரம் குடுத்திருக்கணும். பக்கத்து வீட்டில கேளுங்க, தாய்க்கும் குடுக்கச் சொல்லுங்க.

சாப்பாடு மூண்டு மாதம் வரைக்கும் நாளைக்கு நாலு தரம், ஆறு மாதம் வரைக்கும் மூண்டு. அவிச்ச மீனை முள்ளெடுத்துச் சோத்தோட பிசைஞ்சு குடுக்கலாம். ஆனா அது மட்டும் போதாது, சுண்ணாம்புச் சத்துக் குறைஞ்சு கால் வளையும். பாதிக்குப் பாதியாவது குட்டிகளுக்கான கடைச் சாப்பாடு வேணும். கறி வேணாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. மாமி பால் ஊத்துவா, அன்பாத்தான். ஆனா மாட்டுப்பால் வயித்தைக் கலக்கும். பிறகு அது பாலாலயா பார்வோவாலயா எண்டு பிரிச்சறிய ஏலாமப் போயிடும்.

ரெண்டு மாதக் குட்டி ரெண்டு மூண்டு மணித்தியாலம்தான் அடக்கும். மாமி பிள்ளையோட நிக்கேக்க அதுக்குப் பின்னால ஓடித் திரிய ஏலாது. விறாந்தை மூலையில பலகை அடிச்சு மறிச்சு, பழைய பேப்பரை விரிச்சு விடுங்க. பத்து மணிக்கு ஒருக்கா, மதியம் ஒருக்கா பேப்பரை மாத்தினாப் போதும்.

வாவிக்கரை_அப்பா:
கோடி நன்றி. மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். இன்னும் ரெண்டு சந்தேகம். பழைய குட்டியின்ர மரக்கூடு, அலுமினியத் தட்டு, கழுத்துப்பட்டி எல்லாம் கிடக்கு. பாவிக்கலாமா? வயலுக்குப் போற சப்பாத்தால ஏதும் வருமா?

கச்சான்காத்து:
தட்டைக் குளோரின் தண்ணியில பத்து நிமிஷம் ஊறப்போட்டு அலசிப் பாவிங்க. மரத்துக்குள்ள ஊறினது போகாது. கூட்டையும் கழுத்துப்பட்டியையும் சாக்கையும் எரிச்சிடுங்க.

சப்பாத்தால கட்டாயம் வரும். வயல் வரம்பில ஊர் நாயெல்லாம் திரியும். சப்பாத்தைப் படலையடியில கழட்டிச் சேறு போகக் கழுவி வைச்சிட்டு, வீட்டுச் செருப்போட விறாந்தைக்கு ஏறுங்க. தட்டில குளோரின் தண்ணி வைச்சு மிதிக்கிறதெண்டா ஒவ்வொரு நாளும் மாத்தணும், சேறு பட்டா அந்தத் தண்ணி செத்த தண்ணி. குட்டி போய் நக்க ஏலாத இடத்தில வையுங்க.

திரும்பத் தொத்தினா முதல்ல சாப்பாட்டை வெறுக்கும், சுருண்டு படுக்கும், பிறகு சத்தி. இரத்தம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. முரசை, அதாவது பல் ஈறைத் தொட்டுப் பாருங்க. விரல் வழுக்காம ஒட்டினா உடம்பில தண்ணி வத்திட்டுது. சத்தி எடுக்கிற குட்டிக்கு வாயால ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புக் கரைசல்) குடுத்தும் நிக்காது, சேலைன் ஏத்தத்தான் வேணும். பரசிற்றமோல் குடுக்கவே வேணாம். இரவானாலும் வைத்தியருக்கு அழைப்பெடுத்து, பார்வோச் சந்தேகம் எண்டு முதலே சொல்லிப்போட்டுக் கொண்டு போங்க. அங்க ஊசிக்கு வந்து காத்திருக்கிற மற்றக் குட்டிகளோட நிலத்தில விட வேணாம், பெட்டிக்குள்ளயே வைச்சிருங்க.