பிரிட்டனில் சின்ன ஆன்லைன் கேசினோ: மாதம் 20 பவுண்டுக்கு எதைப் பார்க்கணும்?

கேள்வி: பொழுதுபோக்குக்கு மட்டும்தான். சின்ன தளத்தில் சேரும் முன் எதைச் சரிபார்க்கணும்?

பதில் 1: பக்கத்தின் அடியில் இருக்கும் உரிம எண்ணைச் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் தேடுங்க. பல "சின்ன" தளங்கள் ஒரே உரிமத்தில் ஓடும் வெவ்வேறு பெயர்ப்பலகைகள்தான். ஒன்றில் பணம் எடுக்க இழுத்தடித்தால் மற்றதிலும் பெரும்பாலும் அதே கதை.

பதில் 2: பணம் எடுக்கும் கட்டணம் முக்கியம். தடவைக்கு 2.50 பவுண்ட் பிடித்தால் 10 பவுண்டில் கால்வாசி போச்சு! ஸ்லாட் ஆட்டத்தின் உதவிப் பக்கத்தில் ஆர்.டி.பி. (பந்தயப் பணத்தில் சராசரியாகத் திரும்பி வரும் சதவீதம்) பாருங்க, ஒரே ஆட்டம் 96, 94 சதவீதம் எனப் பல பதிப்புகளில் வரும். 10 பவுண்ட் போனஸுக்கு 10 மடங்கு நிபந்தனை என்றால், அதை எடுக்கும் முன் கட்ட வேண்டிய மொத்தப் பந்தயம் 100 பவுண்ட். ஆர்.டி.பி. 96-ல் சராசரி நஷ்டம் 4 பவுண்ட், 92-ல் 8.

பதில் 3: 2026 ஜனவரி 19 முதல் போனஸுக்கு 10 மடங்குக்கு மேல் பந்தயம் கேட்கவே கூடாது. 35 மடங்கு என்று கேட்டால் விலகிடுங்க. கணக்கு திறந்ததும் மாத டெபாசிட் வரம்பை 20 பவுண்டில் பூட்டுங்க.