ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர்

என் பொண்ணுக்கு எட்டு வயசு. லீவு நாள்ல 1.5 வோல்ட் பேட்டரி ஒண்ணு, டார்ச்ல போடற குண்டு பல்பு ஒண்ணு, முனை ரெண்டும் சீவுன ஒயர் ஒரே ஒரு துண்டு, இத வெச்சு எரிய வை பாப்போம்னு குடுத்துட்டு வாயே திறக்காம பக்கத்துல உக்காந்துட்டேன், அதுதாங்க இருக்கறதுலயே கஷ்டமான வேலை. மொதல்ல ஒயரோட ஒரு முனைய பேட்டரி குமிழ்லயும் இன்னொரு முனைய பல்போட அடிப்பொட்டுலயும் வெச்சா. எரியல. பேட்டரி தீந்துபோச்சும்மான்னா. அப்புறம் ஒயர பேட்டரியோட ரெண்டு பக்கமும் தொட்டுட்டு சுடுதும்மான்னு கத்தினா, உடனே எடுக்கச் சொன்னேன், நடுவுல பல்பு இல்லாம நேரா சேத்தா அப்படித்தான் சூடாகும், அதுக்குப் பேரு ஷார்ட் சர்க்யூட்னு மட்டும் சொன்னேன். இருவது நிமிஷம் போச்சு. பல்ப பேட்டரி குமிழ் மேலயே நிக்க வெச்சு, பேட்டரி அடியில புடிச்சிருந்த ஒயரோட மறுமுனை நழுவி பல்போட மரையில உரசுச்சு பாருங்க, பளிச்! பல்புக்கும் ரெண்டு வாசல் இருக்கும்மான்னு அவளே சொன்னா. உள்ள இருக்கற இழையோட ஒரு முனை அடிப்பொட்டுக்கும் இன்னொண்ணு மரைக்கும் போகுதுன்னு அப்புறம்தான் காட்டினேன்.

மறுநாள் ரெண்டு பேட்டரி போட்டு, ஒரே மாதிரி ரெண்டு பல்ப வரிசையா கோத்தோம். மொத பல்பு கரண்ட்ட சாப்ட்டுடும், அடுத்தது மங்கலா எரியும்னா. பாத்தா ரெண்டுமே ஒரே அளவுக்கு மங்கல். நம்பாம பல்ப இடம் மாத்தி மாத்திப் பாத்தா, அந்த முகத்த பாக்கணுமே! ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரிலேர்ந்து தனித்தனி ஒயர் குடுத்ததும் ரெண்டும் நல்லா எரிஞ்சுது.

---

எங்க வீட்ல எல்இடில மாட்டிக்கிட்டோம். ஒரு பேட்டரில எரியவே இல்ல, பையன் அழுகாத குறை. சிவப்பு எல்இடிக்கே கிட்டத்தட்ட 2 வோல்ட் வேணும், ஒரு பேட்டரி பத்தாது. ரெண்டு போட்டு கூடவே கரண்ட் அதிகமாப் போகாம தடுக்கற 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சேத்தோம், அப்பவும் எரியல, எல்இடியோட ரெண்டு காலும் இடம் மாறியிருந்துச்சு. நீளக் கால்தான் பாசிட்டிவ் பக்கம் போகணும்.

---

எல்இடிக்கு சுலபமா இருக்கேன்னு 3 வோல்ட் பட்டன் பேட்டரி வாங்கிடாதீங்க ப்ளீஸ். எங்க சின்னவன் ஒண்ண வாயில போட்டுட்டான், நல்லவேளை முழுங்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். உணவுக்குழாய்ல மாட்டுனா 2 மணி நேரத்துலயே உள்ள வெந்துடும்னு டாக்டர் சொன்னதுல கை நடுங்கிடுச்சு. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடிடுங்க, காத்திருக்கவே கூடாது. எங்க வீட்ல இப்ப பெரிய பேட்டரி மட்டும்தான், அதையும் எண்ணித்தான் எடுத்து வெக்கறேன்.